அடுப்பில் வைக்காத விருந்து

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த எழுபதுகளில், நானும் மனைவியும் பக்கத்துக் கவரைப்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அவள் ராயபுரத்துப் பெண், வேறு ஜாதி. அப்பா திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்பவர். கல்யாணமாகி இரண்டு வருஷம் என் வாசலை அவர் மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு கோடையில் கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அடுப்பில் வைத்தது எதுவும் வேண்டாம், உங்கள் வீட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

இதற்கு அவர் வராமலே இருக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி கோபப்படவில்லை.

"வுடுங்க. நம்மூட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூட இல்லாம ஜில்லுனு ஒண்ணு கலக்கித் தரேன். அதையாவது குடிப்பாரு இல்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தெருவில் பதநீர் விற்றுக்கொண்டு வந்த அம்மாளிடம் ஒரு குடம் வாங்கினாள். சுண்ணாம்பு வாடை போகட்டும் என்று தெளியவைத்து, வேறு பானைக்கு மாற்றி ஈர மணலில் பதித்தாள். இளநீர், நுங்கு, எலுமிச்சம்பழச் சாறு, ஏலக்காய் எல்லாம் அதற்குள் போயின. நானும் மெச்சிக்கொண்டேன். பதநீரைப் பற்றி எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியாது.

பத்து மணிக்கு வரவேண்டியவர் பஸ் கிடைக்காமல் ஒன்றரைக்குத்தான் வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து தன் வெள்ளி டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். எங்கள் வீட்டு டம்ளரும் ஆகாது போலிருக்கிறது.

உள்ளே போய்ப் பானையைத் திறந்தேன். மேலே நுரை கட்டியிருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளித்தது. எலுமிச்சையின் புளிப்பா, கள்ளின் புளிப்பா? கள்ளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? தாகமா கீறாரு, குடுங்க" என்று மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

வெள்ளி டம்ளரில் ஊற்றினேன். "என்னடா இது?" என்றார் அப்பா.

"நுங்கு, இளநீர், எலுமிச்சம்பழம்ப்பா."

பதநீர் என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரே மூச்சில் குடித்தார். "பேஷ்" என்று மறுபடி நீட்டினார். மூன்று டம்ளர் ஆயிற்று. பிறகு, உற்சவக் கூட்டத்தில் நான் சின்ன வயதில் தொலைந்துபோன கதையை மனைவியிடம் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பெருமாளுக்குக் கைங்கரியம் செய்கிறவருக்குக் கள்ளை ஊற்றிவிட்டேனா? இல்லை, பிள்ளையைப் பார்த்த சந்தோஷமேதானா?

அப்போது அவர் கேட்டார்: "ஏம்மா, சாதம் இருக்கா?"

மனைவி என்னைப் பார்த்தாள். போடு என்பதா, வேண்டாம் என்பதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே இலையைப் போட்டாள். ரசம் சாதத்தைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து, சாயங்கால பஸ்ஸில் அப்பா ஊருக்குப் போனார்.

மறுநாள் பதநீர் விற்ற அம்மாளிடம் கேட்டேன்.

"சுண்ணாம்பு இல்லாத வேற பானையில மாத்தி மத்தியானம் வரிக்கும் வெச்சியா? பொங்கியிருக்கும் நைனா. கள்ளா ஆச்சா, ஆவலையான்னு குடிச்சவங்களத்தான் கேக்கணும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குடித்தவரைக் கேட்கும் தைரியம் எனக்கு எங்கே இருந்தது? ஒரு மாதம் கடிதமே இல்லை. தெரிந்துபோயிருக்கும், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று பயந்து செத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். மனைவி பரபரத்து, இளநீர் வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டினாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார். அவரிடம் பை இல்லை, டம்ளரும் இல்லை.

"இன்னிக்கு அந்தக் கலவையெல்லாம் வேண்டாம்மா. நேரா சாதத்தைப் போடு."