தாஸ் அண்ணன் கித்தாரும் இஸ்திரிப் பெட்டிகளும்

மலாக்காவின் தங்கா பத்துவில் என் வீட்டுக்கு நாலு கடை தள்ளிப் போன மாதம் ஒரு டோபிக் கடை திறந்தார்கள். வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகவேண்டும். தண்ணீர் தெளித்த சேலைமேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஊர்ந்தால் ஒரு வாசனை எழும், தெரியும்தானே? உங்களுக்கு அது பள்ளிச் சீருடையை நினைவுபடுத்தலாம். எனக்குக் கித்தார் கேட்கும். நேற்று கடை வாசலில் நின்று கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தேன். கடைக்காரப் பெண், துணி கொடுக்க வந்தவனா துணி திருட வந்தவனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு காலத்தில் நானே அப்படித்தான் ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெக்னீஷியன் வேலை. எலக்ட்ரானிக்ஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்ற கர்வம் சட்டைப்பையில் டெஸ்டரோடு சேர்ந்தே குத்திக்கொண்டிருக்கும். கித்தாரும் வாசிப்பேன். ஆனால் நான் வாசித்ததெல்லாம் தாஸ் அண்ணன்போல வாசிக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

தாஸ் அண்ணன் மெர்லிமாவ் பக்கத்து இசைக்குழு ஒன்றின் கித்தார்க்காரர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அந்தக் குழுதான் வாசிக்கும். மற்றவர்கள் கித்தாரில் சத்தம் சில்லுச் சில்லாக உடைந்து விழும். அவருடையது அடுப்பிலிருந்து இறக்கிய குலா மலாக்கா வெல்லப் பாகு மாதிரி. இழுத்தால் நீளும், விட்டால் மெல்லச் சுருளும். அந்தச் சத்தத்துக்குக் காரணம் அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று எல்லாரும் சொன்னார்கள். கம்பெனிப் பெயர்த் தகடு எப்போதோ விழுந்துபோன மரப்பெட்டி அது. அதன் பின்பக்கத்தை மட்டும் அண்ணியின் பழைய சேலை ஒன்றால் மூடி வைத்திருப்பார்.

"ஏண்ணே மூடியிருக்கு?"

"தூசி போவும்லா."

முன்பக்கத்தில் தூசி போகாதா? எனக்கு அப்போதே சந்தேகம்.

இன்னொன்றும் உறுத்தியது. குழுவின் நிகழ்ச்சி எப்போதும் அவருடைய தனி வாசிப்போடுதான் தொடங்கும். உலகத்தில் எந்தக் கலைஞனும் கூட்டம் சேரட்டும் என்றுதானே காத்திருப்பான்? இவர் கூட்டம் சேருமுன் வாசித்து முடித்துவிடத் துடிப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பெண்கள் வீட்டுக்குள் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்கள். திடலில் காலி நாற்காலிகளும் நாய்களும் நானும் மட்டும் இருப்போம். இவர் உயிரைக் கொடுத்து வாசிப்பார். அதன் பிறகுதான் கோயில் தலைவர் மைக்கில் வழக்கமான அறிவிப்பைச் செய்வார்: செட்டுக்குக் கரண்டு பத்தாது, அயர்ன், சுடுதண்ணிக் கெத்தில், டீவியெல்லாம் அடைச்சிட்டுத் திடலுக்கு வாங்க. அறிவிப்புக்குப் பிறகு தாஸ் அண்ணன் சும்மா தாளம் தட்டுவதுபோல் வாசிப்பார். மூடு போய்விட்டது என்பார். திமிர் என்று நினைத்தோம்.

அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. குழுவின் தலைவர் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அக்கார்டியன் வாசிப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"நம்ம தோட்டத்துத் திருவிழாவுல தாஸ் எடத்துல நீ வாசி. அந்த சவுண்டு வந்துச்சுனா எடம் ஒனக்கு. வரலைனா மூவார் ஊரு பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவ்வளவுதான்."

மூவார் பையனை எனக்குத் தெரியும். காலடியில் வரிசையாகப் பெடல்களைப் பரப்பிவைத்து, தையல் மிஷின் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டே வாசிப்பான். அவனிடம் அந்த இடம் போவதா? என் மோட்டர் சைக்கிளைத் தாஸ் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தேன். சேலையையும் சேர்த்தே கொடுத்தார். அன்றிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போனேன்.

வீட்டில் பெட்டியைப் போட்டு ஒரு தந்தியைத் தட்டினேன். பள்ளிக்கூட அடிக்கோலால் மேசையில் தட்டியதுபோல் இருந்தது சத்தம். அதே பெட்டி, அதே ஸ்பீக்கர், அவர் போடும் அதே தந்தி. பாகு மட்டும் இல்லை. சேலையை விலக்கிப் பார்த்தேன். வால்வுகள் எல்லாம் அப்பாவிகள்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல வால்வுகளை எடுத்துக்கொண்டு செத்துப்போனவற்றைச் செருகியிருக்கிறார்!

மறுநாளே, அவர் சிங்கப்பூருக்குக் கிளம்புமுன், மெர்லிமாவுக்குப் போனேன். சாப்பாட்டுக் கடை வாசலில் என் மோட்டர் நின்றது. என்னிடம் இருந்த காலத்தில் அது ஒருநாளும் அப்படிப் பளபளத்ததில்லை. அதுவே பாதி சாட்சி.

"அண்ணே, வால்வ மாத்திட்டீங்களா?"

"எந்த வால்வு?"

"பெட்டிக்குள்ள இருக்கிறது."

"ஏன்டா, நீ மோட்டர்ல என்ஜின மாத்திட்டியானு நான் கேட்டேனா?"

"சவுண்டு வரலண்ணே."

"அப்ப வெரல மாத்திப் பாரு."

கடையே சிரித்தது. தேநீர் கலக்குகிறவர்கூட இழுத்து ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தாஸ் அண்ணன் என் டீக்கும் காசு கொடுத்தார். குற்றமில்லாதவன் எதற்கு அடுத்தவன் டீக்குக் காசு கொடுக்கிறான்?

அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மலாக்கா பட்டணத்துப் பழைய ரேடியோக் கடைகளில் நுழைந்து வால்வு வால்வாகப் பொறுக்கினேன். எல்லாக் கடைக்காரர்களும் தாஸ் அண்ணனின் கையாட்களாகவே தெரிந்தார்கள். வீட்டுக் கூடம் முழுக்க ஒயர். அம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்து ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்: "எதுக்குடா இம்புட்டுப் பாடு? ரேடியோவ முடுக்குனா பாட்டு வருதே?" நான் அடுத்த வால்வைச் செருகினேன்.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. பெட்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். பிற்பகல் முழுக்க அதே அடிக்கோல் சத்தம். மாஸ்டர் அக்கார்டியனின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அவர் அப்படிச் செய்தால் நமக்கு இடமில்லை என்று பொருள். பொழுது சாய்ந்தது. கடைசியாக ஒருமுறை என்று நினைத்து வாசித்தேன்.

வந்தது. அதே பாகு. என் விரலிலிருந்து!

மகிழ்ச்சி வரவில்லை எனக்கு. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. தாஸ் அண்ணன் திருட்டுத்தனமாக வந்து வால்வைத் திருப்பி மாட்டிவிட்டாரோ என்று பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நம்புங்கள், பார்த்தேன். யாருமில்லை. அப்போதுதான் கவனித்தேன்: மண்டபத்து டியூப் லைட் எரியமுடியாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. குண்டு பல்பு பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. எதிர் லயத்தில் லெட்சுமி அக்கா வீட்டு டீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, செய்தி வாசிப்பவர் ஒல்லியாகியிருந்தார்.

பையிலிருந்து மீட்டரை எடுத்து பிளக்கில் செருகினேன். முள் பாதி வழியில் படுத்துவிட்டது. தோட்டத்தில் அப்போது வெளிக் கரண்டு கிடையாது. தோட்டத்து ஃபேக்டரி ஜெனரேட்டரிலிருந்து லயங்களுக்கு ஒற்றை லைன், அதன் கடைசியில் கோயில். திங்கட்கிழமைப் பள்ளிக்காக வீட்டுக்கு வீடு சீருடைக்கு இஸ்திரி போடுகிறார்கள். அவர்கள் இழுத்தது போக மிச்சம்தான் கோயிலுக்கு. அந்த மிச்சக் கரண்டில் வால்வுகள் சோம்பல் முறித்துக்கொண்டு பாடுகின்றன. இஸ்திரி வாசனை மண்டபம்வரை வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மூவார் பையன் காதுக்குப் போய்விட்டால்? தாஸ் அண்ணன் செய்ததுபோலவே, பெண்கள் சேலைக்கு இஸ்திரி போடும் நேரத்திலேயே வாசித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

திருவிழாவன்று மேடையேறினேன். வீடுகளில் இஸ்திரி மும்முரம், பல்பு சிவப்பு, எல்லாம் கச்சிதம். அப்போது கோயில் தலைவர் மேடைக்கு ஓடி வந்தார். என்மேல் பிரியமுள்ள மனிதர். மைக்கைப் பிடித்தார்.

"அன்பான லயத்து மக்களே! நம்ம புதுத் தம்பி மொதமொதலா வாசிக்கிறாரு. வழக்கத்துக்கு முன்னாடியே சொல்றேன், அயர்ன், கெத்தில், டீவி எல்லாத்தையும் அடைச்சிட்டு ஓடியாங்க. தம்பிக்கு நல்ல கரண்டு குடுப்போம்!"

ஒவ்வொரு வீடாக அடைத்தார்கள். மேடை பல்பு வெள்ளை வெளேரென்று ஆனது. நான் வாசித்தேன். அடிக்கோல். முன்வரிசையில் மூவார் பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சற்றுமுன் அவனும் கோயில் தலைவரும் ஒரே தீக்குச்சியில் சிகரெட் பற்றவைத்ததை நான் பார்த்திருந்தேன். போதாதா? மாஸ்டரின் கை அக்கார்டியன் வாருக்குப் போனது.

மைக்கைப் பிடுங்கினேன்.

"அக்காமாரே, அடைக்காதீங்க! எல்லாரும் அயர்ன போடுங்க. தயவு செஞ்சு போடுங்க!"

லெட்சுமி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"என்னா தம்பி, சேலைய கட்டிட்டு வந்துட்டோம்லா. இனி எதத் தேய்க்கிறது?"

"எதையாச்சும் தேயுங்கக்கா. சும்மாவாச்சும் சூடு பண்ணுங்க."

"வாசிக்க வந்தியா, டோபி கட வைக்க வந்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதில் சீறினார்: "ஜெனரேட்டர் படுத்துக்கிச்சுனா சாமி இருட்டுலதான்டா ஊர்வலம் போவும்!"

லெட்சுமி அக்கா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரியின் தோளைத் தட்டினார். "வாங்கடி. புள்ள அழுதுரும்போல இருக்கு." பட்டுச் சேலைகள் சரசரக்க, சிரித்துக்கொண்டே லயத்துக்குள் போனார்கள். மேடை பல்பு மஞ்சளானது, பிறகு பப்பாளியானது. நான் தந்தியை இழுத்தேன். அது நீண்டது. வாசலில் நின்று தலையாட்டிக் கேட்டார்கள், உள்ளே இஸ்திரிப் பெட்டிகள் சும்மா கொதித்துக்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் தாங்கியது. முடிந்ததும் மாஸ்டர் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அடுத்த பாட்டு சி மேஜர்." இடம் எனக்குத்தான்.

பிறகு பட்டணத்து மண்டபங்களில் நிறைய வாசித்தோம். அங்கெல்லாம் நல்ல கரண்டு, அடிக்கோல் சத்தம். கரண்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். ஓரளவுக்கு வந்தது, ஆனால் குறைத்தது குறைத்தபடியே நின்றது. லயத்துக் கரண்டு நிற்காது. யாரோ ஒருத்தி காலரைத் தேய்த்துவிட்டுப் பெட்டியை அணைத்தால் சுரம் லேசாக எழும். இன்னொருத்தி போட்டால் அமுங்கும். அதை எந்தப் பெட்டிக்குள் வைப்பது?

சிங்கப்பூருக்குப் போன் போட்டுத் தாஸ் அண்ணனிடம் நேராகவே கேட்டேன்.

"கரண்டு விஷயம் ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"மோட்டர் நல்லா ஓடுதுடா" என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

இரண்டொரு வருடத்தில் தோட்டத்துக்குக் கம்பங்கள் நட்டு வெளிக் கரண்டு கொடுத்தார்கள். அந்தத் திருவிழாவில் திடல் பகலாக இருந்தது. லெட்சுமி அக்கா புது ஃபிரிட்ஜில் செய்த ஐஸ் கட்டிகளைப் போட்டுக் குழுவுக்கெல்லாம் சிராப் கலக்கிக் கொடுத்தார். "இனி யாரும் எதையும் அடைக்க வேணாம். நல்லாருக்குல்ல தம்பி?"

"நல்லாருக்குக்கா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது, சிராப்.

இப்போது அந்த லயங்கள் இல்லை. இடத்தைச் சமப்படுத்திச் செம்பனை நட்டுவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்புகளில் ஆளுக்கொரு வீடு வாங்கியிருக்கிறார்கள், லெட்சுமி அக்காவும்தான். எல்லா வீட்டு வாசலிலும் தனித்தனி மீட்டர் சுற்றுகிறது. ஒரு வீட்டில் இஸ்திரி போடுவது அடுத்த வீட்டு விளக்குக்குத் தெரிவதில்லை.