ஐயாயிரம் வருடத்துச் செத்தவீடு

1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. தென் லண்டனில் உள்ள நோர்பரியிலிருந்து எங்கள் கோச் புறப்பட்டபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத் தாமதம் அன்றே என் டயரியில் ஏறிவிட்டது. மற்ற நேரங்களையும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலையின் கோடைச் சுற்றுலா அது. ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. காலையில் மத்திய லண்டனில் உள்ள பெரிய அருங்காட்சியகத்தில் பழைய எகிப்து. மாலையில் ஆர்ச்வே முருகன் கோயில். நான் அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நூலகப் புத்தகங்களை வாசிப்பதும், அவற்றில் உள்ள ஆண்டுகளைக் கொப்பியில் வரிசைப்படுத்துவதும் என் பொழுதுபோக்கு. சுற்றுலாவுக்காக எகிப்தைப் பற்றி நான்கு பக்கம் தட்டச்சு செய்து, என்னோடு சேர்த்து முப்பத்தேழு பேருக்கும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கேள்விகள் கேட்டுப் பரிசு கொடுப்பதாகத் திட்டம்.

வந்தவர்களில் ஒரு தாய் இருந்தார். கணவரோடும் பத்து வயது மகளோடும் லண்டனுக்கு வந்துவிட்டவர். மூத்த மகன் மட்டும் சண்டை நடந்த ஊரில் அகப்பட்டுக்கொண்டான். மூன்று மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடிதம் வந்தால் முருகனுக்கு அபிஷேகம் செய்விப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். ஜூலைக் கடைசியில் கடிதம் வந்தது. பையன் பத்திரமாகக் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டான். சுற்றுலா கோயிலில் முடிவதால் அன்றைக்கே மாலை ஐந்து மணிக்கு அபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கோயிலில் மாற்றிக்கொள்ளப் பட்டுச் சேலையும் பையில் கொண்டுவந்திருந்தார். மற்றப் பெண்களும் அப்படித்தான்.

சுற்றுலாவுக்கு முந்திய வாரம் அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, அங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தார். நான் இருபது நிமிடம் பேசினேன். முதலாவது அரச வம்சத்தில் தொடங்கி கிரேக்கர் வந்தது வரைக்கும் சொன்னேன். ஆண்டு ஒன்றுகூடப் பிசகவில்லை. அங்கே இறந்தவர்களின் உடல்கள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அது ஒரு செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை.

அருங்காட்சியகத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு சுண்ணாம்புக் கல்லில், அரச கல்லறை கட்டிய வேலையாட்களில் எவனெவன் எந்தெந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஓர் எழுத்தர் குறித்து வைத்திருக்கிறார். ஒருவனைத் தேள் கடித்தது. ஒருவன் வீட்டில் பியர் காய்ச்சினான். இன்னொருவன் தாயின் உடலைத் துணியால் சுற்றப் போய்விட்டான். அந்த எழுத்தரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கூட்டத்தில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் இருந்தார். எதற்கும் பகிடி விடுகிற மனிதர். "அண்ணை, இதை ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தாங்கோ. என்ரை மச்சானுக்குச் சிக் லீவு எடுக்கக் காரணமெல்லாம் முடிஞ்சு போச்சு. தேள் எண்டு இன்னும் சொல்லேல்லை" என்றார்.

உள்ளே உடல்கள் கிடந்த, வர்ணம் தீட்டி மூடிய பெட்டிகளையெல்லாம் தாண்டி, நான் கடைசிக்கு வைத்திருந்த இடத்துக்கு எல்லாரையும் அழைத்துப்போனேன். கண்ணாடிக்குள் மணற்குழி ஒன்று. அதற்குள் ஒரு மனிதர் முழங்கால்களை மடக்கி, கைகளை முகத்துக்கு முன்னால் வைத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். சூடான மணல் ஈரத்தை உறிஞ்சிவிட்டதால் தோல், நகம், செம்பட்டை முடி எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் சில மண்சட்டிகள்.

அந்தத் தாய் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தார்.

"அண்ணை, இது மெழுகிலை செய்ததோ?"

"இல்லைத் தங்கச்சி, உண்மையான மனிசன்தான்" என்றேன் பெருமையோடு. "கிறிஸ்துவுக்கு முன் ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு. பிரமிட் கட்டினவைக்கும் முந்தின ஆள்."

அவர் சட்டென்று பின்னால் வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "ஐயோ, ஒரு சீலைத்துண்டு போட்டாவது மூடக்கூடாதோ?" என்றார். நான் மற்றவர்களுக்குச் சட்டிகளின் காலத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

கோச் மீண்டும் புறப்பட்டபோது மணி மூன்று. அவர் எழும்பி என் இருக்கைக்கு வந்தார்.

"அண்ணை, நான் கோயிலுக்குள்ள வரேலாது. செத்தவரைப் பாத்திட்டு முழுகாமல் எப்பிடி உள்ள போறது? நீங்கள் எல்லாரும் போய்க் கும்பிடுங்கோ. நான் இதுக்குள்ளையே இருக்கிறன்."

குரல் கோபமாக இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. மூன்று மாதம் தூக்கமில்லாமல் காத்திருந்தவர். தீட்டு என்று அவருடைய அபிஷேகத்துக்கு அவரே உள்ளே போக மாட்டார் என்றால், அந்தச் சுற்றுலாவை ஏற்பாடு செய்த என்னை என்னவென்று சொல்வது? வீட்டுக்குப் போய் முழுகிவிட்டு வரலாம் என்றால் நோர்பரி நகரத்தின் மறு முனையில் இருக்கிறது. போய்வர மூன்று மணி நேரமாவது வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். கணக்கு. "தங்கச்சி, செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அதோட முடிஞ்சுது. இவர் செத்து ஐயாயிரத்து ஐந்நூறு வருசம்!"

"முப்பத்தொண்டிலை அந்தியேட்டி செய்தால்தானே துடக்குக் கழியும். இவருக்கு ஆரும் செய்தவையோ? உங்கட புத்தகத்திலை இருக்கோ?"

இல்லை. அவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"அதோட அண்ணை," என்றார் மெல்ல, "ஒரு செத்தவீட்டுக்குப் போனால், அவர் எப்ப செத்தவர் எண்டு பாத்தோ முழுகிறம்? நாங்கள் எப்ப பாத்தனாங்கள் எண்டுதானே கணக்கு. இண்டைக்குத்தானே பாத்தனாங்கள்."

கோச் இரண்டாகப் பிரிந்தது. கண்ணாடிக்குள் இருந்தால் தோஷமில்லை என்றார் ஒருவர். அப்படியானால் நாங்கள் ஏன் கண்ணாடி போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்குப் போவதில்லை என்றார் அவருடைய மனைவி. மினிகாப் அண்ணர், "பெட்டியளுக்குள்ள கிடந்தவையையும் சேத்தால் ஒரு இருவது செத்தவீடு வரும். இருவது தரம் முழுகினால் நியூமோனியாதான்" என்றார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தத் தாயின் பத்து வயது மகள் என் தாளின் மூன்றாம் பக்கத்தை உரக்க வாசித்தாள். பரிசுக் கேள்விக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள் போலும். "எகிப்தியப் பூசகர்கள் பகலில் இரண்டு முறையும் இரவில் இரண்டு முறையும் குளித்தார்கள். கோயில்களுக்குள்ளேயே அதற்குக் குளம் இருந்தது. குளிக்காமல் எவரும் உள்ளே போவதில்லை."

கோச் முழுவதும் சிரித்தது. நானே தட்டச்சு செய்த வரி! எகிப்தியரைக் கேட்டிருந்தால் அவர்களும் அந்தத் தாயின் பக்கம்தான் நின்றிருப்பார்கள்.

சாரதி ஜமேக்காவில் பிறந்த மனிதர். என்ன சிரிப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் தாயாரும் இடுகாட்டுக்குப் போய்வந்தால் கை கழுவாமல் வாசல் மிதிக்க விடமாட்டார் என்றார். போகிற வழியில் கவுன்சில் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது, அங்கே ஷவர் உண்டு என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமலே கோச்சைத் திருப்பினார்.

மூன்று இருபத்தெட்டுக்கு அங்கே நின்றோம். வரவேற்பு மேசையில் ஓர் ஆங்கிலப் பெண்மணி. எனக்குப் பின்னால் முப்பத்தாறு பேர் கைகளில் பைகளோடு நின்றார்கள். ஒருவரிடமும் நீச்சலுடை இல்லை. நீந்த வரவில்லை, தலையில் தண்ணீர் வார்க்க மட்டும் வந்தோம், இறந்த ஒருவரை இன்று பார்த்துவிட்டோம், இது எங்கள் வழக்கம் என்றேன். அவருடைய முகம் அப்படியே கனிந்துவிட்டது. மேசைக்கு மேலால் என் கையைத் தொட்டார். நெருங்கிய உறவா, எப்போது தவறினார் என்று கேட்டார்.

"போன கிழமை" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என்னால் ஒரு திகதியைப் பொய்யாகச் சொல்ல முடியாது. அது என் பிறவிக் குணம். "ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மெல்ல விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழும்பி வந்து, பெண்களுக்கு ஒரு பக்கமும் ஆண்களுக்கு மறு பக்கமும் தானே கதவைத் திறந்துவிட்டார். யாரோ மறந்துவிட்டுப் போன துவாய்களையும் ஒரு கூடையில் கொண்டுவந்து வைத்தார்.

நான் வெளியே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் கதவடியில் திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணை நிக்கிறியள்? எல்லாரையும் விட அவருக்குக் கிட்ட கன நேரம் நிண்டது நீங்கள்தான். போய் முழுகுங்கோ!"

போனேன். எந்தச் சடங்கிலும் நம்பிக்கையில்லாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், கவுன்சில் ஷவரின் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்து ஷவரில் மினிகாப் அண்ணர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது, அருங்காட்சியகத்துக்குள்ளேயே வராத எங்கள் சாரதியும் எதற்கும் இருக்கட்டும் என்று கை கழுவிக்கொண்டு நின்றார்.

கோயில் வாசலில் மணி நான்கு ஐம்பத்திரண்டு. பட்டுச் சேலையில், ஈரத்தலையை முடிந்துகொண்டு, அந்தத் தாய் எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனார். பால் சொரியும்போது அவர் மகனின் பெயரைச் சொல்லி அழுதது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எங்களில் பலருக்கும் அவரவர் காரணங்களுக்காகக் கண் கலங்கியது.

பூசை முடிந்து பஞ்சாமிர்தம் கொடுத்துக்கொண்டு வந்தவர் என்னிடம் நின்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"விடுங்கோ அண்ணை. அந்த மனிசனுக்கும் சேத்துத்தான் கும்பிட்டனான். சட்டியும் சாமானும் வைச்சு ஆசையா அனுப்பியிருக்கினம். ஆனால் இவ்வளவு காலமாக் கண்ணாடியாலை பாத்திட்டுப் போன சனத்திலை ஆராவது அவருக்காக முழுகியிருப்பினமோ?"

பஞ்சாமிர்தத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த மண்சட்டிகளின் காலத்தை நான் சொல்லியிருந்தேன். அவற்றை யாரோ ஆசையாக வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அதன்பின் பல தடவை அங்கே தனியாகப் போயிருக்கிறேன். வீடு திரும்பியதும் முதல் வேலையாக முழுகுவேன். என் மனைவி கேலி செய்வதுண்டு.

அந்த மனிதர் இறந்த காலத்தை என் கொப்பியில் இன்றும் 'ஏறக்குறைய' என்றுதான் எழுத முடிகிறது. ஆனால் அவருக்காக நாங்கள் முப்பத்தேழு பேர் லண்டனில் தலை நனைத்த நேரத்தை, அதற்கு நேரே, நிமிடம் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறேன்.