காங்கய நாட்டுக்காரி

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வட்டக் கல். அதன்மேல் நீர் தெளித்து, விளாமரப் பட்டையைத் தேய்ப்பாள். மஞ்சளாக ஒரு விழுது வரும். அதை இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டு களத்துமேட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். காங்கயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிகளுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் அவளைப் பார்த்தேன். ஊரார் பர்மாக்காரி என்பார்கள்; பட்டை பூசுவது அவள் பிறந்த ஊர் வழக்கம். பக்கத்து வீட்டில் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி, இருந்தாள். "காயை உட்டுப்போட்டுப் பட்டையை அரைச்சு மூஞ்சியில அப்பறா பாருங்க. எங்க எருமைகூட அதை மோந்து பார்க்காதுங்க" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்வாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் என்னை அங்கே கொண்டுபோனது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பருத்தி அரைக்கும் மில்லில் வேலை போன பிறகு, சோறு கிடைத்த ஊரில் தங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கதவுகளில் காவியால் எண் எழுதவும், கணக்கெடுக்க வரும் வாத்தியாருக்கு வழிகாட்டவும் ஆள் வேண்டும் என்றார்கள். எண் எழுதத் தெரியும், போனேன்.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முதல் வீட்டுக் கவுண்டரிடம், "நீங்க எந்த நாட்டைச் சேர்ந்தவர்?" என்று கேட்டார். "காங்கய நாடுங்க" என்றார் அவர். அடுத்த வீட்டில் விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி, "நமக்குப் பூந்துறை நாடுங்க" என்றார். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா இது, ஊர்ல பாதிப் பேர் அந்நிய தேசத்தவரா இருக்காங்களே?" கொங்குச் சீமையைப் பல நாடுகளாகப் பிரித்துச் சொல்லும் பழைய வழக்கத்தை நான் விளக்கினேன். அவர் மறுபடி முதல் வீட்டுக்குப் போய், "இந்தியாதானே?" என்று கேட்டார். "பின்னென்னங்க, காங்கய நாட்டைக் கொண்டுபோய்க் கடலுக்கு அப்பாலயா வெச்சிருக்குது?" என்று கவுண்டர் சிரித்தார்.

பர்மாக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டில் பிறந்தவர்களைக் கணக்கெடுத்துக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று சந்தையில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ரங்கூன் மரவாடியில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிறகு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் இரண்டாம் வகுப்பு படித்தான். கதவில் எண் எழுதப் போன அன்றே என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, என்னைய அனுப்பிப் போடுவாங்களா? எம்பட பையன் கூட வருவானுங்களா, அவனை மட்டும் இங்கயே நிறுத்திக்குவாங்களா?" எனக்கு என்ன தெரியும்? தெரியாதுங்க என்றேன்.

வாத்தியாரோடு போன நாளில் கல்லைக் காணோம். முகத்தைக் கழுவித் துடைத்து, பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரகத்தியும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவள் வாய் சும்மா இருக்காதே என்று நினைத்தேன்.

"எங்கேம்மா பிறந்தீங்க?"

"ரங்கூனுங்க."

வாத்தியாரின் பேனா நின்றது. "அப்போ எந்த நாடு?"

"காங்கய நாடுங்க."

"நான் கேக்கறது அந்த நாடு இல்லைம்மா."

பையனின் தோளில் அவள் விரல்கள் இறுகின.

ஓரகத்தி ஓர் அடி முன்னால் வந்தாள். "ஏனுங்க வாத்தியாரே, நான் பொறந்தது பூந்துறை நாடுங்க. இங்க வாக்கப்பட்டு வந்ததும் காங்கய நாட்டுக்காரி ஆயிட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்க. இவ கொஞ்சம் எட்டத்துல பொறந்துபோட்டா, அவ்வளவுதானுங்க."

வாத்தியார் குனிந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. "உங்களை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்; சந்தையில் கிளம்பிய பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது போலும். நாங்கள் படியிறங்கும்போது பின்னால் ஓரகத்தியின் குரல் கேட்டது: "செரி, அழுவாத அம்மணி. அந்தக் கண்றாவியை எடுத்துப் பூசிக்க. மூஞ்சி வெறிச்சுனு கெடக்குது."

பிறகு ஒரு டீக்கடையில், நமது ஜில்லாவில் வெளிநாட்டார் மிகச் சொற்பம் என்று யாரோ செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொற்பத்தில் அவள் இருந்தாளா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்று திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ மொழி காதில் விழுகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று ஓர் ஊரே ஒருத்தியின் கன்னத்தைத் திரும்பிப் பார்த்தது.

வால்பாறை எஸ்டேட், கொடுமுடிப் படித்துறை என்று சில வருடங்கள் சுற்றிவிட்டு அந்த ஊர் வழியாக ஒருமுறை நடந்து போனேன். பர்மாக்காரி வீட்டுக் கதவில் நான் எழுதிய எண் பாதி அழிந்திருந்தது. வாசலில் அதே வட்டக் கல். பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஓரகத்தி. இரண்டு கன்னத்திலும் மஞ்சள். என்னை அடையாளம் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் கையை இறக்கிக்கொண்டாள்.

"வெய்யிலுக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.