துப்பாக்கி பிடிச்சது பெரியம்மா

முதல் தப்பைப் பண்ணினது நான்தான். அதைச் சொல்லாம மத்தவங்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருசம் கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்துட்டு ரிட்டயரானதும் வீட்டுல சும்மா உக்கார முடியல. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சேலைக்கடை மாடியில சின்னதா ஒரு குழு நடத்திக்கிட்டிருந்தாங்க. ஜப்பான்காரன் காலத்துல இந்தியாவோட விடுதலைக்குன்னு சொல்லிப் படையில சேர்ந்து, பர்மா வரைக்கும் போன நம்ம தோட்டத்து ஆளுங்களைத் தேடிப் பிடிக்கணும். பேரு, ஊரு எல்லாம் எழுதி ஒரு விழா மலர் போடணும். இந்தியாவுலேருந்து ஒரு அதிகாரி வர்றப்ப அவங்களை மேடையேத்தி மரியாதை பண்ணணும். இதுதான் வேலை. கிள்ளான்லேருந்து கொமுட்டர் ரயில் பிடிச்சு வாரத்துல ரெண்டு நாள் போவேன். விண்ணப்பப் பாரம் நிரப்பறது எனக்குத் தண்ணி பட்ட பாடு.

எங்க குடும்பத்துலயும் ஒரு ஆள் உண்டுன்னு எனக்குத் தெரியும். அம்மா சாகறதுக்கு முன்னால, "அந்தப் படைக் கதையெல்லாம் அக்கா வீட்டுல கேளு"ன்னு சொல்லியிருந்தாங்க. அம்மாவோட அக்கா, எங்க பெரியம்மா, தொண்ணூறைத் தாண்டி கிள்ளான்லயே மகன் வீட்டுல இருந்தாங்க. பெரியப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சு. நான் பாரத்தோட போய் உக்காந்து, பேனா மூடியைக் கழட்டிக்கிட்டு, "பெரியப்பா எந்த கேம்ப்ல இருந்தாரு, பெரியம்மா?"ன்னு கேட்டேன்.

அவங்க மொச்சை உரிச்சுக்கிட்டிருந்தாங்க. தலையைக்கூடத் தூக்கல. "அவரு கேரித் தீவுத் தோட்டத்தை விட்டு எங்க போனாரு? ஜப்பான்காரன் வந்தப்ப மூணு நாள் கோழிக்கூண்டுல ஒளிஞ்சிருந்தாராம், மாமியாளே சொல்லிச் சிரிப்பா. போனது நானு"ன்னாங்க.

என் கன்னத்துல நானே ரெண்டு போட்டுக்கலாம் போல இருந்துச்சு. ஆபீஸ்ல ஆம்பளைங்களோட சரிக்குச் சரி மல்லுக்கு நின்னவ நான். எனக்கே படைன்னதும் பெரியப்பா மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்திருக்கு பாருங்க.

அப்புறம் அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினேழு வயசு. அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, ஆளு திரும்பல. தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்தவங்க பொம்பளைங்களுக்கும் ஒரு படை இருக்குன்னு சொன்னாங்களாம். "வீட்டுல இருந்தா மரவள்ளிக்கிழங்கு. அங்க போனா சோறு, கூட ஒரு துப்பாக்கி. நீயா இருந்தா என்ன பண்ணுவ?"ன்னு என்னையே கேட்டாங்க. சிங்கப்பூர்ல பயிற்சி, அப்புறம் பர்மா. தோத்துத் திரும்பினப்ப பாதி வழி நடைதான்.

வீடு வந்து சேர்ந்தா வெள்ளைக்காரன் மறுபடியும் வந்து உக்காந்துட்டான். கண்டா தூக்குல போட்டுடுவான்னு பயந்து அவங்க அம்மாவே படை உடுப்பு, போட்டோ எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டு எரிச்சுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டப்ப, பொண்ணு தோட்டத்து ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாத்துச்சுன்னு ஒரு பொய். கல்யாணத்துக்கு அப்புறம் பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. "ஆம்பளைங்களோட காட்டுல திரிஞ்சவ"ன்னு ஒரே பேச்சுதான் பேசினாராம். அதோட அந்த வீட்டுல அந்தக் கதை செத்துப்போச்சு. எழுபது வருசம் பெரியம்மா வாயைத் திறக்கல.

செத்தவரைத் திட்டக் கூடாதும்பாங்க. நான் அவரு போட்டோவைப் பாத்து நல்லாவே திட்டினேன். பெரியம்மா தடுக்கல, மொச்சைத் தோலைக் கூட்டி ஒதுக்கிட்டு, "எனக்கு மாலையும் வேணாம், மேடையும் வேணாம். அந்தப் புத்தகத்துல என் பேரு அச்சுல வரணும். ஒரு எடத்துல வந்தா போதும்"ன்னாங்க.

இதைக் கேட்டுக்கிட்டே உள்ள வந்தாரு அவங்க மகன். எனக்கு அண்ணன் முறை. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு தங்கச்சி? பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். நாலு பேரு என்ன பேசுவாங்க?"ன்னாரு. "எந்த நாலு பேரு, அண்ணே? அட்ரஸ் குடுங்க, நான் போய்ப் பேசிக்கறேன்"னேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கு அந்த வீட்டுல தேத்தண்ணி கிடையாது.

குழுவுல ஆதாரம் கேட்டாங்க. போட்டோ இருக்கா, பேப்பர் இருக்கான்னு. அடுப்புல எரிஞ்சதுக்கு நான் எங்க போறது? சரி, கூட இருந்த ஒரு ஆள் சாட்சி சொன்னாப் போதும்னாங்க. ஊரெல்லாம் விசாரிச்சுக் கடைசியில சாலாக் செலாத்தான்ல, லிப்ட் ஓடாத ஒரு பிளாட்டுல நாலாவது மாடியில, ஒரு தாத்தாவைக் கண்டுபிடிச்சேன். படையில ரேஷன் லோரி ஓட்டினவரு. காது சுத்தமாக் கேக்கல. பெரியம்மா பேரை எழுதிக் காட்டினேன். படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"அந்தப் புள்ளையா? இன்னும் இருக்கா? மூட்டை ஒண்ணு கொறையுதுன்னு என்னைக் கேம்ப் வாசல்லயே நிறுத்திடுச்சு. துப்பாக்கியைக் கீழ எறக்கவே இல்ல. மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னேன் லா."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பெரியம்மாகிட்ட படிச்சுக் காட்டினப்ப, "மூட்டையை அவன் வழியில வித்துட்டான்"னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்குத்தான் அவங்க முகத்துல அப்படி ஒரு சிரிப்பைப் பாத்தேன். பாரத்துல படைவீரர்ங்கற எடத்துல அவங்க பேரைக் கொட்டை எழுத்துல எழுதி, தாத்தாவோட கடுதாசியையும் பின் பண்ணிக் குழுத் தலைவர் கையில குடுத்தேன்.

விழா ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டி, வீல் சேர்ல முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. வர மாட்டேன்னு நின்ன அண்ணனும் கோட்டுப் போட்டு வந்துட்டாரு, அது எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியல. குத்துவிளக்கு ஏத்தினாங்க, மணிக்கணக்காப் பேசினாங்க. ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு விழா மலர் இருந்துச்சு. நான் அவசரமாப் பக்கத்தைத் திருப்பினேன்.

பெரியப்பா படம். அதுக்குக் கீழ பெரியப்பா பேரு. மறைந்த போர் வீரராம். பர்மா வரை சென்று போரிட்ட மாவீரராம். "அவர்தம் துணைவியார் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்"னு கடைசியில ஒரு வரி. துணைவியாருக்குப் பேருகூட இல்ல.

பெரியம்மா, "கண்ணாடியைக் குடு, பாக்கறேன்"னு கையை நீட்டினாங்க. நான் மலரைக் கைப்பைக்குள்ள திணிச்சேன். அதுக்குள்ள மைக்குல கூப்பிட்டுட்டாங்க, மறைந்த வீரரின் சார்பில் அவரது துணைவியார்னு. அண்ணன் வீல் சேரைத் தள்ளிக்கிட்டு மேடைக்கே போயிட்டாரு. இந்தியாவுலேருந்து வந்த அதிகாரி பொன்னாடையைப் பிரிச்சாரு.

விழாவுக்கு வந்திருந்த காது கேக்காத தாத்தா, பக்கத்துல இருந்தவரை விசயத்தை எழுதிக் காட்டச் சொல்லிப் படிச்சுட்டு, மண்டபமே அதிர்ற மாதிரி, "யாரு புருசன்? புருசன் எங்கேருந்து வந்தான்? காவல் நின்னது இந்த அம்மா"ன்னு கத்தினாரு. ஜனங்க ஏதோ வாழ்த்துன்னு நெனச்சுக் கை தட்டினாங்க. அட கர்மமேன்னு இருந்துச்சு.

பெரியம்மா தோள்ல விழுந்த பொன்னாடையை எடுத்து நாலா மடிச்சாங்க. தட்டுலயே திருப்பி வெச்சாங்க. மைக் பக்கத்துல இருந்ததால எல்லாருக்கும் கேட்டுச்சு. "இது அவருக்குன்னா அவரே வந்து வாங்கட்டும்"னாங்க.

அறிவிப்பாளர், அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாரு.

சாப்பாட்டுப் பந்தியில வெச்சுத் தலைவரைப் பிடிச்சேன். அந்த மனுசனுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்ல. "நீங்கதான் எடம் மாத்தி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா. மகனுக்குப் போன் பண்ணி அப்பா பேரும் படமும் வாங்கி நானே திருத்தினேன்"னாரு. திருத்தினாராம்! சாட்சிக் கடுதாசியைப் படிச்சீங்களான்னு கேட்டேன். நேரமில்லைன்னாரு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம், சாப்பிடுங்கன்னாரு. இலையை மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அந்தச் சேலைக்கடை மாடிப்படியை அதுக்கப்புறம் நான் மிதிக்கல. அடுத்த பதிப்பும் வரல.

அண்ணன்கிட்ட, அம்மா பேரைச் சொல்ல வாய் வரலியான்னு கேட்டேன். "அப்பா படைக்குப் போனாருன்னா கௌரவம் தங்கச்சி, அம்மா போனாங்கன்னா கேள்வி"ன்னாரு. பெத்த தாயைப் பத்திப் பேசற பேச்சா இது? விழாவுல பெரியப்பா பேருல குடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துல அப்பா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டிட்டாரு. பெரியம்மா தன் நாற்காலியைச் சன்னல் பக்கமாத் திருப்பிப் போடச் சொன்னாங்க. கடைசி வரைக்கும் அப்படியேதான் உக்காந்திருந்தாங்க.

அடுத்த தைப்பொங்கலுக்கு அவங்க இல்ல. பேப்பர்ல மரண அறிவிப்பு வந்துச்சு. "சுதந்திரப் போராட்ட வீரரின் அன்புத் துணைவியார்"னு அண்ணன் போட்டிருந்தாரு. அதைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுச்சு. இதே பேப்பர்ல பிறந்தநாள் வாழ்த்துன்னு யாரு யாரையோ போடறாங்க. அவங்க உசுரோட இருந்தப்பவே நான் ஒரு விளம்பரம் குடுத்திருக்கலாம். கையில கண்ணாடியைக் குடுத்துக் காட்டியிருக்கலாம். கண்டவங்க மேல கோபப்பட்ட நேரத்துல எனக்கு அது தோணவே இல்ல. நாசமாப் போன புத்தி.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு முன்னால நானே பேப்பர் ஆபீசுக்குப் போனேன். பெரியம்மாவோட ஐ.சி.யில, அடையாள அட்டையில, இருந்த படத்தைக் குடுத்தேன். படத்துக்குக் கீழ அவங்க பேரு. அதுக்குக் கீழ ஒரே வரி: பெண்கள் படையில் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றவர்.

கவுண்டர்ல இருந்த பொண்ணு பாரத்தைத் திருப்பி நீட்டுச்சு. "ஆன்டி, கணவர் பேரு எழுதாம விட்டுட்டீங்க. அதை எப்பவும் போடுவோம்"னுச்சு.

அந்த எடத்துல ஒரு கோடு போட்டேன். அழுத்தினதுல காகிதம் கிழிஞ்சுபோச்சு. வேற பாரம் வாங்கி, அவங்க பேரை மறுபடியும் முதல்லேருந்து எழுதினேன்.