பிரிண்டருக்குப் போன குரல்கள்

கல்லாறு என்ற ஊரில் தன் வீட்டிலிருந்தபடியே நோயாளிகளின் அழைப்புகளை எடுக்கும் ஒரு நர்ஸை வேலையிலிருந்து தூக்கப் பார்த்தார்கள். புகார் ஒன்றுதான்: எடுக்கிறாள், ‘ஹலோ, ஹலோ’ என்கிறாள், வைத்துவிடுகிறாள். அவளுடைய ஆஸ்பத்திரிக்கு இன்டர்நெட் போன் இணைப்புக் கொடுத்திருந்தது திருவனந்தபுரத்தில் இருந்த எங்கள் ஆபீஸ். விசாரித்து அறிக்கை எழுத வேண்டியவள் நான்.

எங்கள் மேனேஜர் சர்வரில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெரியவர் மூச்சு வாங்க வாங்க மருந்தின் பெயரைச் சொல்வது தெளிவாகக் கேட்டது. அவளோ ஹலோ, ஹலோ என்று கத்திவிட்டு வைத்தாள். நடிக்கிறாள், லைனை நாம் டெஸ்ட் செய்தாயிற்று, அப்படியே எழுதிவிடு என்றார். ஒரே ஹாலில், ஒரே வைஃபையில், பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் பேசிக்கொள்வதற்குத்தான் எங்களிடம் டெஸ்ட் என்று பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத மாட்டேன் என்றேன்.

அவளைச் சாதாரண மொபைலில் கூப்பிட்டேன். “சத்தியமாட்டும் ஒண்ணும் கேக்கல்ல சேச்சி,” என்று அழுதாள்.

அவள் போன் எங்களுக்கு அனுப்பியதைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் போன் ஒரு முகவரியை எழுதி அனுப்பும், குரலை இங்கே அனுப்பு என்று. அவள் போன் எழுதியது வீட்டு ரூட்டர் கொடுத்த எண். அது அந்த வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ‘மாடி அறை’ என்று மட்டும் எழுதிய கடிதம் மாதிரி. எங்கள் சர்வர் அதை நம்பி, நோயாளியின் குரலைப் பதிவு செய்துகொண்டு, அந்த எண்ணுக்கே அனுப்பியது. எங்கள் ஆபீஸில் அந்த எண் பிரிண்டருடையது. பெரியவர் இத்தனை நாளாக எங்கள் பிரிண்டரிடம்தான் மருந்து கேட்டிருக்கிறார்.

எழுதியிருப்பதை விட்டுவிட்டு, அவள் குரல் எந்த வழியாக வருகிறதோ அதே வழியில் நோயாளியின் குரலைத் திருப்பி அனுப்பச் சர்வரிடம் சொன்னால் போதும். மேனேஜரிடம் சொன்னேன். உன் படிப்பை என்னிடம் காட்டாதே என்றார்.

தினமும் காலையில் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அவர் ஆபீஸ் வருவார். மறுநாள் அவர் ஆபீஸ் வைஃபைக்கு வெளியே இருக்கும் அந்த நேரம் பார்த்து, அவர் மொபைலில் இருந்த எங்கள் இன்டர்நெட் போன் ஆப்பில் கூப்பிட்டேன். நிறுத்தி நிதானமாகப் பேசினேன். ஹலோ, ஹலோ என்று மூன்று தடவை கத்திவிட்டு வைத்தார்.

வந்ததும் எல்லோர் முன்னாலும் அந்தப் பதிவைப் போட்டேன். என் குரல் அட்சரம் பிசகாமல் கேட்டது.

“நீங்களும் நடிச்சீங்களா சார்?”

அவர் முகம் சிவந்துவிட்டது. சரி, மாற்று, நர்ஸ் மேல் தப்பில்லை என்று எழுதிவிடு என்றார். அது போதாது, நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நின்றேன்.

மாற்றி முடித்ததும் அதே லைனில், ஸ்பீக்கரில் அவளைக் கூப்பிட்டார். தப்பு எங்களுடையது, மன்னிக்கணும் என்றார். நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

“கேக்குதா?” என்றார்.

“கேட்டு சாரே,” என்றாள். “ஒருக்கக்கூடி சொல்லுங்க, இன்னும் ஒரு தடவ.”