மணி பார்த்துப் பால் கொடுத்த அமலி

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வரிசையில் கடிகாரம் இல்லாத வீடுகளே அதிகம். ஆனாலும் 1957இல் அங்கே ஒரு கைக்குழந்தை மணி பார்த்துத்தான் பால் குடித்தது. அமலியின் மகன் ஜெபதுரை.

அமலி ஏரிக்கரை பங்களா ஒன்றில் ஆயா. அங்கே வெள்ளைக்காரத் துரைசாணியின் குழந்தைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் புட்டிப்பால். நடுவில் தொண்டை கிழிய அழுதாலும் தூக்கக் கூடாது. குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறதாம். அந்தக் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்த அமலி, தன் பிள்ளையும் அப்படி ஆகட்டும் என்று அதே சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். துரைசாணி மனம் குளிர்ந்து ஒரு பழைய அலாரம் கடிகாரத்தையும் கொடுத்தாள். மதியம் ஓடிவந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரியிலும் அலாரம் அடித்தால்தான் பால். நடுவில் அழுதால் மாமியார் கித்தேரியம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாள்.

பால் மட்டும் புத்தகம் படிக்கவில்லை. பதினோரு மணிக்கே ஊறி வெள்ளை யூனிபாரத்தை நனைத்தது. துரைசாணி முகம் சுளித்தாள். தையல்காரியான என்னிடம் அமலி வந்தாள்.

"இறுக்கமா ஒரு ரவிக்கை தச்சுக் குடுங்கக்கா. சொட்டு வெளிய வரக்கூடாது."

நானும் கன்னியர் மடத்தில் கற்ற வித்தையெல்லாம் காட்டி இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தேன். என் தையலில் காற்றுகூட நுழையாது என்ற பெருமை வேறு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் இடது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"வலிக்காத கட்டிதான் ஆளைக் கொண்டுபோகுமாம்க்கா. நான் போயிட்டா இவன் யாருகிட்ட குடிப்பான்?" என்று அழுதாள்.

கித்தேரியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. "ஊர்க்கண்ணு பட்டிருக்கு. பாலு கெடக்கப்போயிதான கட்டுது? வத்த வச்சுட்டா சோலி முடிஞ்சுச்சு" என்றாள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டும். கோடைக்கானல் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? வத்தலக்குண்டு பஸ் கண்டக்டரிடம் சொல்லி மூன்று நாள் பூ வரவழைத்தார்கள். அமலி மணக்க மணக்க வேலைக்குப் போனாள். இன்றைக்கு என்ன பண்டிகை என்று துரைசாணி கேட்டாளாம். மூன்றாம் நாள் பால் குறைந்தது, கட்டி குறையவில்லை. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துப்போனேன். டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்து, ஊசியைக் குத்தி இழுத்தார். குழலில் ஏறியது ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. கெட்டியான பால். கட்டி எங்கள் கண்முன்னே அமுங்கிப்போனது.

"பால் வர்ற குழாய் ஒண்ணு அடைச்சுக்கிச்சும்மா. வெளிய போக வழியில்லாம உள்ளேயே தேங்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மறுபடி சேந்தா வா, எடுத்துடலாம். பூவையும் இந்த ரவிக்கையையும் தூக்கிப் போடு. பிள்ளை கேக்குறப்பெல்லாம் குடு, பால் தானா ஊறும்."

ரவிக்கை யார் தைத்தது என்று நான் வாயே திறக்கவில்லை. அமலி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்த நேரத்துப் பாலுங்க, டாக்டரம்மா? பதினோரு மணிக்கு இவன் ரொம்ப அழுவான்னு அத்தை சொல்லும்."

டாக்டரம்மா பஞ்சை எடுத்து வைத்து அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை, வேலைதான் போயிற்று. மறுநாள் அவள் பிள்ளையோடு பங்களாவுக்குப் போக, வெளிக் குழந்தை வந்தால் கிருமி வரும் என்று துரைசாணி திருப்பி அனுப்பிவிட்டாள். பத்து நாளில் துரைசாணியே கார் போட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். புது ஆயா கையில் குழந்தை புட்டியைத் தொடவில்லையாம். இப்போது கிருமியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜெபதுரையும் காரில் ஏறினான்.

கட்டி அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை சேர்ந்தது, ஊசியால் எடுத்தார்கள். அவன் பால்குடி மறந்தபின் வரவேயில்லை.

"இப்ப எப்படிப் போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இவன் கேட்டவொடனே குடுக்கேன்க்கா. அந்தப் பச்சப்புள்ள தொட்டில்ல கெடந்து இவன் குடிக்கிறதையே பாத்துக்கிட்டு அழுவுது. பாவம், அதுக்கு இன்னும் மணி ஆகல" என்றாள்.