பாவில் ஒட்டிய மூக்குத்திப் பூ

எனக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது துடைக்க வேண்டும், எதையாவது பிடுங்க வேண்டும். பெரும்பாலும் பிடுங்கியது மூக்குத்திப் பூச்செடியைத்தான். ஆரணியில் எங்கள் தெருவின் சாக்கடை ஓரம், கரண்டுக் கம்பத்தடி, எங்கே பார்த்தாலும் அது இருக்கும். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாகச் சட்டைப் பொத்தான் அளவுப் பூ. முற்றினால் பஞ்சு பறக்கும். தறியில் ஏற்றுமுன் பட்டுப் பாவை, அதாவது புடவையின் நீள இழைகளை, தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுகிற எங்களுக்கு அந்தப் பஞ்சு ஜென்மப் பகை. ஈர இழையில் ஒட்டினால் லேசில் வராது.

போன வருஷம் நீட்டியது எங்கள் மகளின் முகூர்த்தப் புடவைக்கான பாவு. ஊருக்கெல்லாம் நெய்கிறோம், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்வது அதுதான் முதல் தடவை. ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. முந்தின வாரமே தெரு முழுக்கச் செடியைப் பிடுங்கித் தெருமுனையில் குவித்துவிட்டேன்.

பாவு நீட்டிய அன்று, கஞ்சி போட்ட கையோடு அறுந்த இழையைப் பிணைக்கும்போது என் கணவர் பிளேடில் விரலை அறுத்துக்கொண்டார். ரத்தம் பட்டில் சொட்டாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஜல்தி! வெட்டுக்காயப் பச்சிலை பறிச்சிகினு வா!"

அதுவும் அதே செடிதான். தெருவில் ஒன்றுகூட இல்லை. பதறி ஓடிக் குவியலைக் கிளறினேன். பிடுங்கிப் போட்ட பிறகும் பூவெல்லாம் முற்றிப் பஞ்சாகியிருந்தது. பச்சை இலை ஒன்றும் கிடைக்கவில்லை, பஞ்சுதான் கிளம்பியது. காற்றோ பாவு இருந்த பக்கம் அடித்தது.

"இன்னா வேல பண்ணி வெச்சிக்கீற!" என்றார் அவர், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே.

மகள் செல்போனைப் பார்த்துச் சிரித்தாள். "ஏம்மா, இது அமெரிக்கா பக்கத்துலருந்து இங்க வந்து பரவின செடியாம். கடலத் தாண்டி வந்தத நீ தெருமுனையில நிறுத்திடுவியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கஞ்சி காய்வதற்குள் மூவரும் குனிந்து பஞ்சைப் பொறுக்கினோம்.

கல்யாணத்தன்று தாலி ஏறி, எல்லாரும் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்த நேரம். மகள் இடுப்பருகே, புடவைக் கரையை ஒட்டி, ஒரு பொட்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. புடவையோடு சேர்த்தே நெய்யப்பட்டிருந்தது. நகத்தால் இழுக்கக் கை தானாகப் போனது.

"விடும்மா, அது இருந்துட்டுப் போவட்டும்" என்று முணுமுணுத்து, அவள் என் கையைப் பிடித்து இறுக்கி வைத்துக்கொண்டாள். கைக்கு வேலை இல்லாமல் போனதும்தான், நாளைக்கு இவள் நம் வீட்டில் இருக்க மாட்டாள் என்பது உறைத்தது. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.